நூறுக்கும் நூறுக்கும் நடுவில்

வெள்ளவத்தைப் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
லொத்தர் கடையின் நிழலில்
ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு குடை,
கார்பன் தாள் வைத்த கொப்பி.
என் உத்தியோகம் இவ்வளவுதான்.
டைம்கீப்பர் என்கிறார்கள்.
நேரத்தை யார் வைத்திருக்க முடியும்?
நான் வைத்திருப்பது இடைவெளியை.

ஆறு நிமிஷத்துக்கு ஒரு நூறு
பாணந்துறைக்குப் போகவேண்டும்.
போகாது.
இருபது நிமிஷம் வீதியில் ஒன்றும் இராது.
பிறகு மூன்று நூறு ஒன்றாய் வரும்,
கலியாண வீட்டுக்குப் புறப்பட்ட சகோதரிகள் மாதிரி.
முதலாவதில் மிதிபலகையிலும் இடமில்லை.
மூன்றாவதில் கொண்டக்டர் தனியே இருந்து
சில்லறை எண்ணுகிறான்.

திட்டெல்லாம் டிரைவருக்கு.
தொடக்கமோ மிகச் சின்னது.
கொள்ளுப்பிட்டியில் யாரோ
ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டியிருப்பார்,
அரை நிமிஷம்.
அதற்குள் அடுத்த ஹோல்டில் இரண்டு பேர் கூடிவிட,
அவர்கள் ஏறி முடிவதற்குள்
அதற்கடுத்ததில் ஐந்து பேர்.
பிந்தினவன் பிந்திக்கொண்டே போவான்.
பின்னால் வருகிறவனுக்கு
வழித்து வைத்த கோப்பை மாதிரி வெறும் ஹோல்டுகள்.
நிற்க வேலையில்லை. வந்து ஒட்டிக்கொள்வான்.

வெண்பா எழுதிப் பேப்பருக்கு அனுப்புகிற வயசு
எனக்கும் ஒன்று இருந்தது.
தளை தட்டுகிறது என்று திருப்பி அனுப்புவார்கள்.
சொல் சரி, சீரும் சரி,
ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிற இடத்தில்தான் பிழை.
இங்கே உட்கார்ந்த முதல் கிழமையே
அந்தக் கடிதங்கள் விளங்கிவிட்டன.

சுவரில் நேர அட்டவணை இருக்கிறது.
மழை அதை அரைவாசி தின்றுவிட்டது.
நான் பார்ப்பது ஹோல்டில் நிற்கிற தலைகளை.
எட்டுத் தலை என்றால் ஐந்து நிமிஷம்.
எல்லாரும் ஒரே பக்கம் கழுத்தை நீட்டினால்
பத்துத் தாண்டிவிட்டது.

நேற்று ஆறு முப்பத்தெட்டு.
முந்தின நூறு போய் இரண்டு நிமிஷமும் ஆகவில்லை,
சுமணதாச வந்து நின்றான்.
கை காட்டினேன். நாலு நிமிஷம் நில்.
"அண்ணே, முன்னால போனால்தான் தலை.
இடைவெளியைக் கொண்டுபோய்க் கொடுத்தா
டீசல் அடிப்பாங்களா?"
நியாயம்தான்.
எல்லா நூறுக்கும் ஒரே உண்டியல் என்றால்
ஒருவரும் இப்படி ஓடமாட்டார்கள்.
அது என் கொப்பியில் எழுதுகிற விஷயமில்லை.

எஞ்சின் நடுங்க ஓரத்தில் நின்றது பஸ்.
யமு, யமு என்று பின் சீட்டுகள் தட்டின.
காசு வாங்கிவிட்டான் என்றது ஒரு குரல்.
மூன்றாவது ஜன்னலில் தாதி உடுப்பில் ஒருத்தி,
"களுபோவிலவில எனக்கு ஏழு மணி டியூட்டி.
வார்ட்டில உங்கட கொப்பியையா காட்டுறது?"
நான் கொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய நாலு நிமிஷத்தை எடுத்து
யாருக்குக் கொடுத்தேன்?
கல்கிசையில் ஒருவன்
செருப்புக் கையில், மூச்சிரைக்க ஓடிவந்து
சரியாக அந்த பஸ்ஸில் ஏறியிருப்பான்.
தன் அதிர்ஷ்டம் என்று நினைத்திருப்பான்.
நாளைக்கு ஒரு லொத்தர் வாங்கினாலும் வாங்குவான்.
இழந்தவளுக்கு என் முகம் தெரியும்.
பெற்றவனுக்கு நான் இருப்பதே தெரியாது.

இன்றைக்கும் மழை.
ஆறு நாற்பதுக்கு சுமணதாச வந்தான்,
முந்தினதுக்குப் பின் சரியாக ஆறு நிமிஷம்.
மறிக்கவில்லை. மூன்றாவது ஜன்னல்
பூட்டியிருந்தது, கண்ணாடியில் ஆவி.
அவளா, வேறு யாருமா, தெரியவில்லை.

அடுத்த ஆறு நிமிஷம் நூறு இல்லாத வீதி.
தண்டவாளத்துக்கு அப்பால் கடல் கேட்கிற மாதிரி இருந்தது.
அங்கேயும் சில வேளை
இரண்டு அலை சேர்ந்துதான் வருகிறது.
அதை நான் எழுதுவதில்லை.